சூடேறினால் பிடிக்கும் பிரேக்

பந்தய நாள் வந்தால் செங்குன்றத்து மக்கள் முதலில் சாவுக்கு ஆயத்தம் செய்துகொள்வார்கள். அப்புறம்தான் இட்லி சாப்பிடுவார்கள்.

இது பூமியில் இருந்த செங்குன்றம் அல்ல, செவ்வாயில் இருப்பது. முதலில் வந்திறங்கியவர்களில் அந்த ஊர்க்காரர் ஒருவர் சன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கண்ணாடிக் கூரைக்குள் ஊர் இருந்தது. கூரைக்கு வெளியே, மூச்சுவிட முடியாத மெல்லிய காற்றில், எலும்பை உறைய வைக்கும் குளிரில், பந்தயத் தடம் இருந்தது. பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. மாதம் ஒரு நாள் அவரவர் வண்டியைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டிவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

தடத்துக்குப் போகும் வாசலில் படிச்சாவடி இருந்தது. தலையை ஒரு குடைக்குள் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டால், அந்த நொடிவரை அந்த மனிதருக்கு என்னென்ன ஞாபகம் உண்டோ அத்தனையும் பதிவாகிவிடும். அதற்கு நினைவுப்படி என்று பெயர். ஆள் செத்துப்போனால் மீளுடல் நிலையத்தில் அவருடைய உயிரணுவிலிருந்தே புது உடலை வளர்த்து, கடைசிப் படியை அதில் ஏற்றிவிடுவார்கள். அவரும் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். அவர் பழைய ஆள்தானா என்று ஆரம்பத்தில் சிலர் வாதாடிப் பார்த்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஏற்றுக்கொண்ட பிறகு வாதாட என்ன இருக்கிறது?

படியை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்று செங்குன்றத்தில் ஒரு நம்பிக்கை. சாப்பிட்டுவிட்டு எடுத்தால் ஞாபகம் குழம்பி வருமாம். யார் கிளப்பிவிட்ட கதையோ தெரியாது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சாவடியில் இருந்த பொறியே தன் வாயால் சொல்லிப் பார்த்தது. ஊர் கேட்கவில்லை.

அன்று காலை வரிசையில் நின்றவர்களில் திருமேனியும் ஒருவர். அறுபதைத் தாண்டியவர். ஊரில் அவருடைய சிவப்பு வண்டியைத் தெரியாதவர்கள் இல்லை. பசியோடு குடைக்குள் தலையை நீட்டியபோது அவர் மனதில் இருந்தது ஒரே எண்ணம்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் நித்திலா வந்துவிடுவாள். அவளிடம் என்ன பேசுவது?

நித்திலா அவருடைய ஒரே மகள். ஆறு ஆண்டுகளாக அவள் அவரைப் பார்க்கவில்லை. காரணம் சின்னதல்ல. அவள் அம்மா பவளக்கொடிக்கு வந்தது மூளை நோய். படி எடுத்தால் நோயும் சேர்ந்தே பதிவாகும். புது உடலில் ஏற்றினால் அதுவும் கூடவே எழுந்து வரும். ஆகவே பவளக்கொடியின் சாவு நிசமான சாவாக இருந்தது. கடைசி நாளில் மகள் மட்டும் கட்டில் பக்கத்தில் இருந்தாள். திருமேனி தடத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததாக ஊரே சொன்னது. அவரும் மறுக்கவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் நித்திலா வடதுருவக் குடியிருப்புக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அங்கே காற்றுக் கதவுகளுக்கு ரப்பர் பட்டை வார்ப்பது அவள் வேலை.

ஐந்தரை ஆண்டுகள் கழித்து அவளுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நலமா என்றில்லை, மன்னித்துக்கொள் என்றில்லை. 'குளிரில் இறுகாத டயருக்கு எந்த ரப்பர் நல்லது?' என்று கேட்டிருந்தார். அவள் இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பதில் போட்டாள்.

அதன் பிறகு அப்பாவும் மகளும் டயரும் பிரேக் பேடும் மட்டுமே பேசினார்கள். பேசத்தான் எவ்வளவு இருந்தது! செவ்வாயில் எந்தப் பொருளுக்கும் பூமியில் உள்ள எடையில் பாதிகூடக் கிடையாது. வண்டி லேசாக நிற்பதால் டயர் தரையை அழுத்துவதில்லை. வேகம் மட்டும் குறையாமல் அப்படியே இருக்கும். காற்றும் மெல்லியது, அதனால் தடத்தில் ஓட ஓட பிரேக் தட்டு அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். தட்டைக் கவ்விப் பிடிக்கும் பேட் சாதாரணமானதாக இருந்தால் அந்தச் சூட்டில் வழுக்கிவிடும். தடத்துக்கென்றே செய்த கரிப் பேட் சூடேறச் சூடேறப் பிடிக்கும். ஆனால் ஆறிக் கிடந்தால் பிடிக்கவே பிடிக்காது.

'பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்துவது டயர்' என்று அவள் எழுதினாள். 'அம்மாவும் இதையேதான் சொல்லுவாள்' என்று அவர் பதில் எழுதினார். அம்மா அப்படி எதுவும் சொன்னதில்லை என்று இருவருக்கும் தெரியும். கடைசியில் கரிப் பேடும், அவளே வார்த்து அனுப்பிய மென்மையான டயரும் என்று முடிவானது. பேட் பிடிக்கும் அழகை நேரில் வந்து பார்க்கிறேன் என்று அவளாகவே சொன்னாள்.

வந்தாள். தடத்தின் ஓரத்து உணவகத்தில் அப்பாவின் எதிரே நின்றாள்.

"வாம்மா. பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றார் திருமேனி, விருந்தாளியைக் கேட்பதுபோல.

"சௌகரியம்தான்" என்றாள்.

அவர் மூச்சுக்காற்றும் தரும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போனார். எடை குறைப்பதற்காகப் பக்கத்து இருக்கையைக் கழற்றி, முன்கண்ணாடியையும் மெலிதாக மாற்றியிருந்த வண்டி அது. முதல் சுற்றில் மெதுவாக ஓட்டிப் பேடைச் சூடாக்கினார். மூன்றாவது சுற்றில் நேர்ப்பாதை முடியும் இடத்தில், எல்லோரும் பிரேக் பிடிக்கும் கம்பத்தைத் தாண்டிப் போய், அப்புறம் பிடித்தார். வண்டி நூல் பிடித்ததுபோல் வளைவுக்குள் திரும்பியது. உணவகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற நித்திலா தன்னை அறியாமல் கைதட்டினாள். தான் செய்த ரப்பர் அப்பாவைப் பிடித்து நிறுத்துவதைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

மதியத்துக்குப் பிறகு இருவரும் உணவகத்தில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்த தட்டை நகர்த்திவிட்டுத் திருமேனி சொன்னார்:

"நித்திலா, அன்னிக்கு நான் இங்க வரலை."

"எங்க வரலை?"

"தடத்துக்கு. உங்க அம்மா போன அன்னிக்கு. ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். கீழ வண்டியிலயே உக்காந்திருந்தேன். மேல வர்றதுக்குக் கால் வரலைம்மா. அவ என்னை யாருன்னு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். பயந்தாங்கொள்ளின்னு சொல்றதுக்கு, பொறுப்பில்லாதவன்னு சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நித்திலா தன் தட்டையும் நகர்த்தினாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா அன்னிக்கு சன்னலையே பாத்துக்கிட்டிருந்தாங்கப்பா. 'உங்கப்பா கீழதான் இருக்காரு, தொந்தரவு பண்ணாத, பயந்துக்குவாரு'ன்னு சொன்னாங்க. நோய்தான் பேசுதுன்னு நெனச்சேன் நான். அவங்க நெசமாவே பாத்திருக்காங்க. செவப்பு வண்டி."

திருமேனி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். ஆறு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த கல் அவருக்கும் இறங்கியது, அவளுக்கும் இறங்கியது. பிறகு பவளக்கொடியைப் பற்றிப் பேசினார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். வெளியே சூரியன் நீல ஒளியில் சாய ஆரம்பித்தது. வண்டியில் பேடுகள் ஆறிக்கொண்டிருந்தன.

நித்திலா ரசம் வைக்கிறேன் என்று வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு சுரங்க ரயிலில் முன்னால் கிளம்பினாள். அவர் வண்டியை எடுக்கப் போனார்.

"ஐயா, வீட்டுக்குப் போக சாதாரண பேட் மாட்டிவிடட்டுமா?" என்றது பட்டறை இயந்திரன். "இல்லையென்றால் இரண்டு சுற்று ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள்."

"அதெல்லாம் எதுக்குப்பா? வீடு பக்கத்துலதான்."

வாசலில் படிச்சாவடி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. "திருமேனி ஐயா, இன்றைய நாளையும் சேர்த்து ஒரு படி எடுத்துக்கொள்ளலாமே? வரிசையில் யாருமில்லை."

"சாப்பிட்டாச்சு" என்றார் திருமேனி. "அதுவுமில்லாம பந்தயம்தான் முடிஞ்சுபோச்சே."

தலைக்கவசம் கழுத்தை உறுத்தியது. அதைக் கழற்றி, இருக்கை இருந்த வெற்றிடத்தில் வைத்தார். அவருடைய முன்னோர் பூமியில் அதை மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு போவார்களாம். போலீஸ்காரர் தெரிந்தால் மட்டும் தலைக்கு மாற்றுவார்களாம். அவர்களுக்கு மறுபடி ஒரு உடல் கிடையாது என்பதை நினைத்தால் நம்ப முடியவில்லை.

ஊரின் மூன்றாம் வாசலுக்கு இறக்கமான பாதை. வண்டி நின்ற பிறகுதான் கதவு திறக்கும். திருமேனி அந்த நாள் முழுக்க ஓட்டிய வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத வேகத்தில், மனம் நிறைந்துபோய், ஏதோ முணுமுணுத்தபடி வந்து, வழக்கமான இடத்தில் பிரேக்கை மிதித்தார். ஆறிய பேட் தட்டின் மேல் வழுக்கியது. முழு பலத்தோடு மிதித்தார். திடீரென்று பிடித்தபோது, அடியில் இருந்த டயருக்குத் தரையை அழுத்த எடை போதவில்லை. வண்டி சறுக்கிக்கொண்டே போய்க் கதவில் முட்டியது. சைக்கிள் மோதும் வேகம்தான் இருக்கும். மெல்லிய கண்ணாடி விரிசல் விட்டது. உள்ளே இருந்த காற்று வெளியேறியது. தலைக்கவசம் கைக்கு எட்டாத தூரத்துக்கு உருண்டு போயிருந்தது.

வீட்டில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

மீளுடல் நிலையம் வேறொரு கூரையின் கீழ் இருந்தது. உடல் வளர நாளாகும் என்பதால் நித்திலா அதுவரை அப்பாவின் வீட்டிலேயே தங்கினாள். அழுதாளே தவிர உடைந்துவிடவில்லை. திரும்பி வந்துவிடுவார்தானே என்று ஊரே தேற்றியது. அப்பா எழுந்து உட்கார்ந்த அன்று அறைக்குள் ஓடினாள்.

திருமேனி அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்களைத் தாழ்த்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"வாம்மா. பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

நித்திலா கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவருக்கு அது இன்னும் அந்தக் காலைதான். வயிறு பசிக்கிறது, மகள் வரப்போகிறாள், அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. நெஞ்சில் கல் பழைய இடத்திலேயே கிடந்தது. பவளக்கொடி சன்னலில் பார்த்தாள் என்ற செய்தி அந்தக் கண்களுக்குப் பின்னால் எங்கேயும் இல்லை. இந்தப் பெரிய சிவப்பு உலகத்தில் அதை அறிந்த ஒரே தலை இப்போது அவளுடையதுதான்.

"எனக்கு ஏதோ ஆயிருக்கு போல" என்றார் அவர் சங்கடத்தோடு. "பேட் பிடிக்கலையா?"

"நல்லாவே பிடிச்சுதுப்பா. தடத்துல."

அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துக்கொண்டாள். புதுத் தோல், குழந்தையின் கைபோல மெத்தென்று இருந்தது. "நீங்க எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியிலயே உக்காந்திருந்தீங்கன்னு."

அவர் முகம் வெளிறியது. "சொன்னேனா? நானா? நீ... நீ என்ன சொன்னே?"

அவள் சொன்னாள். அதே சொற்களைத்தான் சொன்னாள். அவர் அதேபோலத்தான் அழுதார். ஆனால் முதல் தடவை இருவர் சேர்ந்து அழுதார்கள். இந்தத் தடவை அவர் அழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உணவகத்தில் கவிழ்ந்த தலையும் சன்னலில் நீல ஒளியும் அவருக்கு இனி கேள்விப்பட்ட கதைதான். அது அவளுக்கு வலித்தது. இனி ஒரு நாளையும் இப்படி இழக்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே உறுதி எடுத்துக்கொண்டாள்.

சும்மா எடுத்த உறுதி அல்ல. அவர் உடல் வளர்ந்த காலம் முழுவதும் சிவப்பு வண்டியோடுதான் அவள் மல்லுக்கட்டியிருந்தாள். குளிரிலேயே முதல் மிதியிலேயே பிடிக்கும் பேடாகத் தேடித் தேடி, எட்டு வகையைப் பனியில் போட்டுவைத்துச் சோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். எடை போதாத குறையைச் சரிக்கட்ட அகலமான டயரைத் தானே வார்த்தாள். தடித்த கண்ணாடி போட்டாள். கழற்றிய இருக்கையைத் திரும்ப மாட்டினாள். இனி இந்த வண்டி தடத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும் என்று பட்டறை இயந்திரனிடம் சொன்னாள்.

வண்டியை அன்று நிலையத்தின் வாசலுக்கே கொண்டுவந்திருந்தாள். திருமேனி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நான்தாம்மா ஓட்டுவேன்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள்.

ஆனால் அங்கேயும் வாசலில் இருந்த படிச்சாவடியை அவர் தாண்டப் பார்த்தபோது தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"படி எடுக்காம ஒரு அடி வைக்கக் கூடாது."

"இப்பதானேம்மா கஞ்சி கொடுத்தாங்க."

"பரவாயில்லை. உக்காருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே குடைக்குள் தலையை நீட்டினார். விளக்கு எரிந்து அணைந்தது. தலைக்கவசத்தை அவளே அவருக்கு மாட்டிக் கழுத்துப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"உங்களுக்கும் ஒரு படி எடுத்துக்கொள்ளலாமே, அம்மா?" என்றது பொறி. "நீங்கள் கடைசியாக எடுத்து ஏழு மாதம் ஆகிறது."

நித்திலா தன் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"எனக்கெதுக்கு?" என்றாள். "நானா ஓட்டப்போறேன்? சும்மா உக்காந்துதானே வர்றேன்."