வெறும் மேடையில் பதினொரு கிலோ

ஆள் ஏறாத எடை மேடை பதினொரு கிலோ காட்டியது.

தராசக்கா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவளுக்குப் பத்தொன்பது வருடப் பிழைப்பு. பொய் சொல்கிற தராசு அவளுக்குப் புதிதில்லை. கூடத்துச் சுவரோரம் கிடந்த அந்த மேடையே அலுவலகத்தில் கழித்துப்போட்டதை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து சரிசெய்ததுதான். குனிந்து அடியில் துணி எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பூஜ்யப் பொத்தானை அழுத்தினாள். மேடை மறுத்தது. ஒட்டிய தூசி துரும்பை மறந்துவிடு என்றால் தராசு மறந்துவிடும். இவ்வளவு பெரிய சுமையை மறக்கச் சொன்னால் கேட்காது. அப்படித்தான் அதைச் செய்கிறார்கள்.

பையிலிருந்து இருபது கிலோ எடைக்கல்லை எடுத்து வைத்தாள். முப்பத்தொன்று. கல்லை எடுத்தாள். பதினொன்று.

அப்படியானால் தராசு பொய் சொல்லவில்லை. மேடைமேல் பதினொரு கிலோ இருந்தது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

முந்தைய நாள்தான் தங்கச்சி வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்தாள்.

அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் ஒரே அலமாரியோடு வாழ்ந்தவர்கள். தங்கை நூற்றாறு கிலோ, அக்கா நூற்றேழு. யார் துணி யாருடையது என்று கேட்டதே இல்லை. குளித்துவிட்டு வருகிறவள் கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொள்வாள். எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்கும் இருவரும் சேர்ந்துதான் மனுப் போட்டார்கள். அந்த நாட்டு மருத்துவமனை தராசக்காளின் காகிதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. மயக்க மருந்தை அவள் இதயம் தாங்காதாம். தங்கச்சி மட்டும் விமானம் ஏறினாள். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழத் தடிமனுக்குக் குழாய்போலத் தைத்து அனுப்பினார்கள். நாலு கரண்டி கஞ்சியில் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

"அக்கா, வந்து நம்பரப் பாரேன்!" என்று அன்று காலை மேடையில் ஏறி நின்று கூவினாள். தொண்ணூற்றைந்து. அவள் ஏறியபோது அந்தப் பதினொன்று காணாமல் போனது. இறங்கியதும் திரும்பி வந்தது. யாரோ மரியாதையாக விலகி வழிவிட்டு, மறுபடி ஏறி நின்றதுபோல.

"என்னடி, ஒரேடியா இளைச்சுட்ட?" என்றாள் தராசக்கா. சிரிக்கத்தான் பார்த்தாள். கன்னம் ஒத்துழைக்கவில்லை.

வாரங்கள் போயின. தங்கச்சி எண்பத்தெட்டு ஆனாள். வெறும் மேடை பதினெட்டு காட்டியது. அவள் எண்பது, மேடை இருபத்தாறு. இரண்டையும் கூட்டினால் எப்போதும் நூற்றாறு, ஒரு கிராம் கூடாமல் குறையாமல். அவள் உடம்பிலிருந்து போனது எங்கேயும் போகவில்லை. விமானத்தில் அவளோடு சீட்டில்லாமல் வந்து, வீட்டில் இறங்கி, மேடைமேல் நின்றுகொண்டிருந்தது.

தன் எண்ணைப் பார்த்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிற தங்கச்சியிடம் தராசக்கா இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் தங்கச்சியைத்தான் பார்த்தார்கள். துணியைப் பிடித்துத் தைக்க வந்த தையல்காரி, வாயில் ஊசியைக் கவ்வியபடியே, "இடுப்புல நாலு விரக்கட உள்ள வாங்கிட்டேன், இன்னும் தொளதொளங்குது! தராசக்கா, உங்களுக்கு எப்பவும்போல அதே அளவுதானே?" என்றாள். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

ஒரு மழை நாளில் தராசக்கா மேடையைத் திருப்பிப்போட்டுப் பிரித்தாள். தூக்கும்போது எப்போதும்போல லேசாகத்தான் இருந்தது. அதன் நாலு மூலையிலும் சுமை உணரும் உலோகத் துண்டுகள் உண்டு. பாரம் ஏறினால் அவை மயிரிழை அளவு வளையும். அந்த வளைவுதான் எண்ணாக மாறுகிறது. நாலு கம்பிகளையும் தனித்தனியாக மீட்டரில் இணைத்து, மேடையை நிமிர்த்தித் தரையில் வைத்தாள். இடது பக்கம் அதிகம் காட்டியது. சற்று நேரம் கழித்து வலது பக்கம். மறுபடி இடது.

கால் வலித்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி.

கம்பிகளைப் பழையபடி இணைத்துவிட்டு அவளே மேடையில் ஏறினாள். தங்கச்சிக்கு வழிவிட்டது இவளுக்கு விடவில்லை. அவளுடைய நூற்றேழோடு அதன் முப்பத்தைந்தும் சேர்ந்து எண் நூற்று நாற்பத்திரண்டுக்குப் போனது. முதுகில் ஒரு வயிறு உரசியது. மெத்தென்று, வெதுவெதுப்பாக. தங்கச்சி விட்டுவிட்ட பழைய பவுடர் வாசனை. காதோரம் மூச்சு.

"பசிக்குது."

தங்கச்சியின் குரல். பருத்த, இழுவையான, பழைய குரல்.

தராசக்கா ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அது தனக்குள் வந்துவிடுமோ என்று காத்திருந்தாள். வரவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. அதற்கும் தங்கச்சிதான் வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் தங்கச்சி கூடத்தில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். அவள் குதிகால் மேடையின் விளிம்பில் பட்டது. திரையில் 35.0 என்றிருந்தது 34.4 ஆனது. சட்டென்று அவள் புரண்டு காலை இழுத்துக்கொண்டாள். எழுந்து எடை பார்த்து அழுதாள்.

"ஒரு வாய் கூட அதிகமா சாப்பிடலக்கா! அறநூறு கிராம் எப்படி ஏறிச்சு?"

"தண்ணியா இருக்கும், விடு" என்றாள் தராசக்கா.

அவளுக்குப் புரிந்துவிட்டது. விழித்திருக்கிற தங்கச்சியிடம் அது நெருங்குவதில்லை. தூங்குகிறவளிடம், தொட்டால், திரும்பிப் போய்விடுகிறது. மேடையைத் தூக்கி ஆற்றில் போட்டிருக்கலாம். அன்றைக்கு ராத்திரியே. உண்மையிலேயே அந்த எண்ணத்தோடுதான் அதைக் கையில் எடுத்தாள்.

அப்போது தங்கச்சி அறையிலிருந்து இரண்டு பெரிய பைகளோடு வந்தாள்.

"அக்கா, இதெல்லாம் உனக்கு. எனக்கு இனிமே ஆகாது. நான் தனியா சின்னதா ஒரு அலமாரி வாங்கிக்கிறேன், சரியா?" அக்காளின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

தராசக்கா பைகளைப் பார்த்தபடி நின்றாள். மழை விட்டிருந்தது. தண்ணீர்க் குழாயில் சொட்டு. சொட்டு. கையில் மேடை. திரையில் எண் இல்லை. தரையில் வைத்தால்தான் வரும்.

தங்கச்சி தூங்கியபின் அவள் அறையில் வைத்தாள்.

34.4.

கட்டிலோடு ஒட்டித் தள்ளினாள். தொங்கிக்கொண்டிருந்த மெலிந்த கையை மணிக்கட்டில் பிடித்து, விரல்களை மேடையில் படும்படி வைத்தாள்.

31. 27.

கட்டில் பலகை முனகியது. தையல்காரி போட்ட புதுத் தையல், இடுப்பில், ஒவ்வொன்றாகத் தெறித்தது. டப். டப்.

19.

தங்கச்சி கண்ணைத் திறந்தாள். பாதி நுழைந்துவிட்டது, அவள் விழித்தும் நிற்கவில்லை. கழுத்து தடித்துக்கொண்டே வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... உள்ள எடம் இல்லக்கா."

9.

உள்ளே எதுவோ, துணி இல்லாத எதுவோ, நீளமாகக் கிழிந்தது. கையை இழுக்கப் பார்த்தாள். தராசக்கா விடவில்லை.

3.

0.0.

கட்டிலில் கிடந்தது அசையவில்லை. வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது. தராசக்கா தங்கச்சி கொடுத்த பையிலிருந்து பழைய நைட்டி ஒன்றை எடுத்துவந்து அதன்மேல் போர்த்திப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. இருவருக்கும் மறுபடி ஒரே அளவு.

தராசு சரியாகிவிட்டது. வழி சுலபம்தான். அவள் தூங்கும்போது மேடையைக் கட்டிலோடு ஒட்டி வைத்து, விரல்கள் அதில் பட, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூஜ்யம் வரும்வரை, அக்கா என்று கூப்பிட்டாலும், முகத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்க்க வேண்டும்.