சொன்ன பேச்சைக் கேட்டவர்கள்

ஆறு துடுப்புகளும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின. ஒரே சத்தம். கேப்டனுக்கு அது பிடிக்கவில்லை.

நேற்றுவரை இவர்கள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரே அலுவலகத்திலிருந்து மூன்று நாள் விடுமுறைக்கு வந்தவர்கள். ஒருவர் துடுப்பு இன்னொருவர் ஹெல்மெட்டில் இடிக்கும். "கேப்டன், நாங்க இடது வலது கத்துக்கறதுக்குள்ள ரிட்டயரே ஆயிடுவோம்" என்றார் மேனேஜர். "நீங்க ஆபீஸ்லயும் அப்படித்தானே சார்" என்று கேஷியரம்மா வாரிவிட்டார்.

இன்று காலை கூடாரங்களைச் சுருட்டியதிலிருந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரப்பர் படகின் பின்முனையில் உட்கார்ந்து திசை திருப்புகிறவனுக்குப் பயணிகளின் முகம் தெரியாது, முதுகுகள்தான் தெரியும். அந்த ஆறு முதுகுகளும் வெயிலில் அசைந்து அசைந்து நிமிர, சூடேறிய ரப்பரின் வாடைக்கு அடியில் அழுகிய இலையும் சேறும் கலந்த இன்னொரு வாடை அவன் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு அலைகூட மேலே தெறிக்கவில்லை. ஆனால் ஆறு லைஃப் ஜாக்கெட்டுகளிலிருந்தும் நீர் சொட்டியது.

"என்ன சார், ராத்திரி சாப்பாடு ஒத்துக்கலையா?"

துடுப்புகள் விழுந்தன. ஒரே சத்தம்.

அடுத்த வளைவில் நதி இரண்டாகப் பிரியும். வலதுபக்கம் பயமில்லை. இடதுபக்கம் வேரோடு சாய்ந்த பெருமரம் ஒன்று குறுக்கே கிடக்கிறது. அதன் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், மனிதர் போக முடியாது. போன வருடம் இவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததில் படகைத் திருப்பத் தவறினான். மரம் கண்ணில் பட்டதும், "உள்ள குனிஞ்சு உட்காருங்க, ஓரக் கயித்தை விடாதீங்க" என்று கத்தினான். அன்றும் ஆறு பேர். எல்லோரும் குனிந்தார்கள். ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. அதனால் அவன் பாறைமேல் தாவியதை யாரும் பார்க்கவில்லை.

'பயணிகள் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை.' விபத்து அறிக்கையில் இருந்த அந்த வாசகம் முதலாளியுடையது. "செத்தவங்க வந்து இல்லைன்னு சொல்லப் போறாங்களா, தம்பி? உனக்கு லைசென்ஸ் வேணுமா வேண்டாமா?"

வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டான். விசாரணை நாளில் இறந்தவர் ஒருவரின் மனைவி மட்டும் எழுந்து, "அவர் யார் பேச்சையும் தட்டாதவருங்க" என்றார். அவன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வருடம் பயணிகள் நிரப்பும் படிவத்தில் 'கட்டளைக்குக் கீழ்ப்படிவேன்' என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.

வளைவு வந்தது. தூரத்தில் நீர் இரைந்தது.

"வலதுபக்கம் திருப்புங்க."

முதுகுகள் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தன. படகு இடதுபக்கம் போனது.

"சார், வலது. வலது. அம்மா, நீங்களாவது கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் இருந்தபடியே.

தன் துடுப்பை ஆழமாகக் குத்தித் தன் முழுப் பலத்தையும் கொடுத்தான். படகு திரும்பவில்லை, ஆறு பேர் வலிக்கும் படகை ஒருவன் திருப்ப முடியாது. மரம் தெரிந்தது. கறுத்த கிளைகள். இடையில் நுரை.

துடுப்புகள் நின்றன.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. ஆனாலும் ஆறு பேரும் குனிந்தார்கள். ஹெல்மெட்டுகள் முன்னால் கவிழ்ந்தன.

பாறை நெருங்கியது. அதே பாறை. எட்டிவிடும் தூரம்தான். எழுந்தான்.

கால் வரவில்லை.

கீழே பார்த்தான். கவிழ்ந்த ஹெல்மெட் ஒன்றுகூடத் திரும்பவில்லை. தோளிலிருந்து பின்பக்கமாக, எந்தக் கையும் மடங்காத விதத்தில் மடங்கி, பன்னிரண்டு கைகள் நீண்டு வந்திருந்தன. தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். அவன் கணுக்கால்களில் ஒன்றன்மேல் ஒன்றாக, இறுக்கமாக, விடாமல், அவன் சொல்லிக்கொடுத்தபடி.