கைக்குக் கீழே ரூஃபஸ்

ராஞ்சியில் நான்கு மாதப் பயிற்சியை முடித்துக்கொண்டு ரூஃபஸ் போலாரம் வீட்டுக்குத் திரும்பிய மாலையில், வாசலில் நின்றவரைப் பார்த்து டோரிஸ், "யார் வேணும்?" என்று கேட்டுவிட்டாள்.

"என்ன டோரிஸ், அதுக்குள்ள மறந்துட்டியா?"

குரல் அவருடையதுதான். கட்டின புருஷனைத் தெரியாமல் போகுமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் வாடைக்கும் ராணுவ பாரக்ஸ் பக்கமிருந்து வந்த பியூகிள் சத்தத்துக்கும் நடுவே, காபியை ஆற்றுகிற சாக்கில், மூக்கின் வளைவு, புருவத்துத் தழும்பு, மீசையோரத்து மச்சம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எதுவும் குறையவில்லை. எல்லாம் சேர்ந்தால்தான் வேறு யாரோ.

ஆறு வயது மகள் சாரா அவர் பக்கமே போகவில்லை. "நக்கோ மம்மி, வேணாம்," என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம். மூவரும் கண்ணை மூடினார்கள். டோரிஸ் பாதியில் திறந்து பார்த்தாள். அவர் உள்ளங்கையால் கண்களை மறைத்திருந்தார். கைக்குக் கீழே சாட்சாத் ரூஃபஸ். அப்பாடா என்றிருந்தது. ஆமென் சொன்னதும் கை வழுக்கிக்கொண்டு இறங்கி வாயை மூடியது. கைக்கு மேலேயும் ரூஃபஸ்தான். கையை எடுத்தார்.

வேறு யாரோ.

"எங்க தப்பா இருக்கு? சொல்லு," என்றார் அவர்.

வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "கண்ணு ரெண்டும்... கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கு."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். ஈரத்துணி பிழிகிற சத்தம் கேட்டது. கைகளை விலக்கினார். கண்கள் நெருங்கியிருந்தன.

"இப்ப?"

இனி எதையும் சொல்லக் கூடாது. சொல்லச் சொல்லச் சரியாகிவிடும். சரியாகிவிட்டால் ஊரே நம்பிவிடும். அப்புறம் சாராவை இவரிடமிருந்து யார் காப்பாற்றுவது?

"சாரா, ஓடு! பக்கத்து வீட்டு தேவராஜ் அங்கிள்கிட்ட ஓடு!"

பயத்தில் குழந்தை ஜெபத்துக்கு மூடின கண்ணையே திறக்கவில்லை. அதற்குள் அவர் கை நீண்டது. அந்தச் சின்ன முகம் முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கிப்போயிற்று. டோரிஸ் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

அதே சத்தம்.

கை விலகியது. சாராவின் மூக்கு. சாராவின் கண்கள். விழுந்த பால்பல்லின் இடைவெளிகூட.

வேறு யாரோ.

அவர் காத்திருந்தார். டோரிஸ் விரலை அந்த முகத்தருகே கொண்டுபோனாள்.

"இங்க," என்றாள் அழுதுகொண்டே. "இந்தக் கண்ணு... இன்னும் கொஞ்சம் கிட்ட."