இரண்டு சிவப்புப் புள்ளிகள்

பூட்டிக் கிடக்கும் அறைக்குள் யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று கணினி சொன்னால் யார்தான் நம்புவார்? நிஸ்ரினும் முதலில் நம்பவில்லை. இறால் குளத்தடியில் இருந்த பம்ப் அறைக் கணினிக்குத் தன் மேசையிலிருந்தே ரீஸ்டார்ட் கொடுத்தாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது: 'இந்தக் கணினியை வேறொருவர் பயன்படுத்துகிறார். இப்போது நிறுத்தினால் அவர் சேமிக்காத வேலை அழிந்துவிடும்.'

"பெரிய வேலைதான்!" என்று உதட்டைச் சுழித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம். குறிஞ்சிப்பிட்டிக்கும் கண்டக்குழிக்கும் இடையில் களப்பு என்னும் கடலேரியை ஒட்டியிருந்த அந்த இறால் பண்ணையில் முஸ்லிம் ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். அப்டேட் போடுவதற்கு இதைவிட்டால் வேறு நேரமில்லை. மற்ற நாட்களில் ஒருவருடைய கணினி ரீஸ்டார்ட் ஆனால் போதும், வாயில் வைத்த சோற்றைத் தட்டிவிட்டது போலக் குதிப்பார்கள். ஆகவே ஆட்கள் எழுந்து போய்க் கதிரைகள் காலியாகும் இந்த நேரத்தில்தான் பண்ணைக் கணினிகள் அத்தனைக்கும் அவள் அப்டேட் அனுப்புவாள். மென்பொருளில் கண்டுபிடித்த ஓட்டையை அடைக்கிற வேலை, அவ்வளவுதான். அடைத்த கணினி அவள் திரையில் பச்சைப் புள்ளி, அடைக்காதது சிவப்பு.

இந்தக் கிழமை அவசரம் வேறு. இறால் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பரிசோதனைக்கு ஆள் அனுப்புகிறார்களாம். மனேஜர் முபாறக் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததாகச் சரித்திரமே இல்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்று குரைத்துவிட்டுத்தான் போனான்: "நான் பள்ளியால வாறத்துக்குள்ள ஒரு சிவப்பும் இரிக்கப்படாது. இருந்திச்சோ, நாளைக்கி நீங்க வரத் தேவல்ல. விளங்கிச்சா?"

விளங்காமல் என்ன. அவள் கைபேசியை எடுத்துத் தவச்செல்வனை அழைத்தாள். பம்ப் அறை அவன் பொறுப்பு. அவனுடைய மனைவி மதுசா, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பில் அடித்துக்கொண்டிருந்தாள். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நோன்பு மாதம் முழுக்க நிஸ்ரினின் கண்ணெதிரே ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள் மதுசா. கூடப் பிறந்தவள்கூட அப்படிப் பார்ப்பாளோ தெரியாது.

"தவண்ணன், பம்ப் அறையில யாரு இரிக்கிற?"

"ஒருத்தரும் இல்லைத் தங்கச்சி. பூட்டிப்போட்டுத் திறப்பை வச்சிருக்கிறன். ஏன்?"

"கொம்பியூட்டர்ல யாரோ இரிக்காங்கண்டு காட்டுது."

"விசர்க்கதை கதையாதேங்கோ." சிரித்தான். "பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்."

கைபேசியைக் காதில் வைத்தபடி காத்திருந்தாள். குளத்துத் தண்ணீரைக் கலக்கும் சக்கரங்களின் சளசளப்பும், அதன் மேல் கல்பிட்டிக் காற்றின் ஊளையும், காற்று திசை மாறும்போதெல்லாம் தூரத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்து குத்பாப் பிரசங்கத்தின் பாதிச் சொற்களும் காதில் வந்து விழுந்துகொண்டிருந்தன. பூட்டு திறபடும் சத்தம் கேட்டது. கதவு முனகியது. அதற்குப் பிறகு, மிகத் தெளிவாக, விசைப்பலகை தட்டுப்படும் சத்தம்.

"ஆரது?" என்றான் தவச்செல்வன். கொஞ்சம் பொறுத்து, குரல் தாழ்ந்து, "தங்கச்சி, இங்க ஆளில்லை. கதிரை முழுக்கச் சேறு. இது தன்ர பாட்டில அடிக்குது."

"வெளிய வாங்க தவண்ணன். ஒண்ணும் பாக்க வேணாம், வாங்க."

"என்ர கை..." என்றான். "தங்கச்சி, என்ர கை!"

தட்டும் சத்தம் இரண்டு மடங்கு வேகமானது. அதற்கு நடுவே தவச்செல்வன், வளர்ந்த ஆம்பிளை, விம்மி விம்மி அழுவது கேட்டது. நிஸ்ரினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி திரையில் இருந்தது. கட்டாய ரீஸ்டார்ட். அமுக்கினாள்.

சத்தம் நின்றது. பம்ப் அறைப் புள்ளி பச்சையாயிற்று. "தவண்ணன்?" என்றாள். செருப்பில்லாத கால்கள் சேற்றில் மெல்ல மெல்ல நடந்து போவது கேட்டது. தண்ணீரில் பாரமாக ஏதோ விழுந்தது. சக்கரம் ஒன்று சிக்கித் திணறி, திணறி, பிறகு பழையபடி சுற்றத் தொடங்கியது.

யா அல்லாஹ். முபாறக்கை அழைத்தாள். தொழுகை நேரம், கைபேசி அணைத்துக் கிடந்தது. காவல்காரன் ஹுனைஸும் பள்ளியில்தான். மதுசாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். என்னவென்று சொல்வது? உன் புருஷனைக் குளத்துக்குள் அனுப்பிவிட்டேன் என்றா? எழுந்தவள் அப்படியே நின்றாள்.

திரையில் அதே பெட்டி. இந்த முறை தீனிக் களஞ்சியக் கணினி. அங்கே யாரும் இல்லை, காலையிலிருந்தே பூட்டு. யோசிக்காமல், காலில் ஏறிய அட்டையை உதறுவது போல அமுக்கினாள். பச்சை. மூச்சு விடுவதற்குள் மறுபடி பெட்டி. வரவேற்பு மேசை.

வரவேற்பு மேசை இதே கட்டடத்தில், நடைபாதையின் அந்த முனையில் இருந்தது. இனிக் கைபேசி தேவையில்லை. கதவுக்கு வெளியே, ஏசியின் இரைச்சலுக்குக் கீழே, தட்டும் சத்தம் நேராகவே கேட்டது. குளத்தை வற்றவிடும் நாளில் அடிச்சேறு வெயிலில் வேகும்போது எழும் அந்தக் கறுப்பு நாற்றமும் கதவிடுக்கால் நுழைந்து, மேசைக்கடியில் பரவி, அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அடைத்த இடத்தில் அதற்கு இருப்பிடமில்லை. சிவப்பைத் தேடித்தான் வருகிறது. துரத்திக்கொண்டு வருவது வேறு யாருமில்லை, அவளேதான்.

அங்கேயே விட்டிருக்கலாம். வெறும் கதிரைதானே, யாரை என்ன செய்யும்? ஆனால் அந்தச் சத்தம்! ஒருமுறை கதவுக்குக் கிட்டவே வந்துவிட்டது போலக் கேட்டது. விரல் தானாகப் போய் அமுக்கிவிட்டது.

மிச்சம் இரண்டு சிவப்பு. ஒன்று மதுசாவுடையது, பில் வேலை முடியட்டும் என்று விட்டு வைத்தது. மற்றது அவளுடையது. சமைத்தவள் கடைசியில் சாப்பிடுவது போல, அப்டேட் போடுகிறவர்கள் தங்கள் கணினிக்குக் கடைசியில்தான் போடுவார்கள். எல்லாம் கெட்டுப்போனாலும் திருத்துவதற்கு ஒன்று வேண்டுமே.

பெட்டி அவளுடைய திரையிலேயே வந்தது. 'இந்தக் கணினியை வேறொருவர் பயன்படுத்துகிறார்.'

இடது கை குளிர்ந்தது. விரல்கள் விரிந்தன. அவள் விரிக்கவில்லை. விசைப்பலகையில் இறங்கின. தட்டத் தொடங்கின. எதை என்று தெரியவில்லை, பார்க்கவும் துணியவில்லை. வலது கை மட்டும் இன்னும் அவளுடையது. மணிக்கட்டில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் மதுசா. குனிந்த தலை. காதில் பாட்டு.

கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். 'எழும்பு மதுசா' என்று ஒரு கத்துக் கத்தினால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு நேரம் இருந்தது. அல்லாஹ் அறிய, இருந்தது. ஆனால் கத்தினால், அவள் நிமிர்ந்து பார்த்து, காதில் இருப்பதைக் கழற்றி, என்னக்கா என்று கேட்டு... அதற்குள் இந்த வலது கையும் போய்விட்டால்? தனக்கு மிஞ்சித்தான் தானம்.

வாயைத் திறக்காமல் அமுக்கினாள்.

திரை கறுத்தது. கை திரும்பி வந்தது. சூடு. ரத்தம். தன்னுடைய விரல்கள். அழுதாள். வெட்கமில்லாமல், சந்தோஷத்தில் அழுதாள்.

மதுசா தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம்தான்.

பிறகு தொடங்கியது. வேகமாக. விசைப்பலகை மேசை விளிம்பைத் தாண்டிச் சரிந்தது. விழுந்தது. தட்டும் சத்தம் நிற்கவில்லை. வெறும் மேசைப் பலகையில் பத்து விரல்.

நிஸ்ரினின் கணினி உயிர்த்து வந்தது. எல்லாம் பச்சை. ஒரே ஒரு சிவப்பு. அதன் மேல் அந்தப் பெட்டி, சரியா என்று கேட்டுக்கொண்டு நின்றது. அமுக்கினால் விரல்கள் நிற்கும். நின்ற பிறகு கால்கள் எங்கே நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அமுக்கவில்லை. எழும்பவும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதுசாவின் தலை மட்டும் மெல்லத் திரும்பியது. கண்கள் அவளுடையவைதான். எல்லாம் தெரிந்த கண்கள். கன்னம் வழியக் கண்ணீர். "அக்கா" என்று உதடு அசைந்தது, மறுபடியும் "அக்கா." கீழே, நகம் பெயர்ந்த விரல்கள் சிவந்த பலகையில் அடித்துக்கொண்டே இருந்தன.