பூமி சுழலும் பக்கம்

வடகுடியில் குழம்பைக் கிண்டுவதென்றாலும் இடமாகத்தான், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் கிண்டுவார்கள். வட்டமான நடைக்கூடத்தில் நடப்பதும், பந்தியில் பரிமாறிக்கொண்டு போவதும் அப்படியே. பூமி அந்தப் பக்கம் சுழல்கிறது, நாமும் அந்தப் பக்கமே சுற்றுவோம் என்பது ஊர் வழக்கம். வழக்கம் என்றதும் ஆயிரம் வருஷத்துச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு வயது இருபத்தாறுதான். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த மாசிலாமணி இன்னும் உயிரோடு, கையில் திருப்புளியோடு, புவிச்சாளரத்தின் அடியில் மல்லாந்து படுத்திருந்தார். நாளை மறுநாள் மகளுக்குக் கல்யாணம். வருகிறவர்கள் கண்ணுக்குச் சாளரம் பளிச்சென்று இருக்க வேண்டும் அல்லவா?

வடகுடி நிலவின் வடமுனையில் இருக்கிறது. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றிவரும், உச்சிக்கு ஏறாது. பகல், இரவு என்று பிரித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நாள் நகர்வதைக் கண்ணால் பார்க்கப் பூமியை விட்டால் வேறு கதி கிடையாது. அதற்காக மாசிலாமணி செய்த கருவிதான் புவிச்சாளரம். தூரத்துப் பூமியைச் சுவரளவு பெருக்கி, முந்தைய நாளின் முழுச் சுழற்சியையும் ஒரே நிமிடத்தில் ஓட்டிக் காட்டும். நாடுகள் இடப்பக்கம் முளைத்து வலப்பக்கம் போய் மறையும்; வடக்கே மேலிருந்து பார்த்தால் அதுதான் இடச்சுற்று.

ஊரின் முதல் கல்யாணம் அவருடையது. புரோகிதர் யாரும் நிலவுக்கு வராத காலம். மணமக்கள் விளக்கை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று பேச்சு வந்தபோது, வலமாகத்தான் என்று யாரோ முனகினார்கள். மணப்பெண் பூங்கொடி சாளரத்தைக் காட்டி, "நம்ம பூமியே இடமாத்தானே சுத்துது? நாமளும் அப்படியே சுத்துவோமே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, யாரும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்த நாற்பது கல்யாணமும் இடம்தான். பூங்கொடி இறந்து மூன்று வருஷமாகிறது. அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை ஊரே நடத்திக்கொண்டிருப்பதில் மாசிலாமணிக்கு ஓர் ஆறுதல்.

மாப்பிள்ளை வீட்டார் தென்முனையில் உள்ள தென்குடிக்காரர்கள். மதியம், முனைக்கு முனை தாவிப் பறக்கும் தாவூர்தியிலிருந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா வேதவல்லி கூடத்துக்குள் நுழைந்ததும் சாளரத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன சம்பந்தி, பெட்டியத் தலைகீழா மாட்டி வெச்சிருக்கீங்க? இந்தியா தலைகீழாத் தொங்குது. பூமி வேற பின்னாடி ஓடுது!"

தன் கைவேலையைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? "தலைகீழா நிக்கிறது நீங்கதான் சம்பந்தியம்மா. தென்முனைல இல்ல இருக்கீங்க?" என்று மாசிலாமணி சட்டென்று சொல்லிவிட்டார்.

கூடம் சிரித்தது. வேதவல்லி சிரிக்கவில்லை.

இந்தச் சிக்கல் ஏன் இத்தனை நாள் வெளிவரவில்லை என்றால், நிலவு லேசாகத் தலையாட்டிக்கொண்டே சுற்றுகிறது. மாதத்தில் பாதி நாள் பூமி வடமுனைக்குத் தெரியும், மறுபாதி தென்முனைக்கு. தெரியாத நாட்களில் சாளரம் கடைசியாகப் பிடித்த சுழற்சியையே ஓட்டும். இரண்டு ஊரும் சேர்ந்தாற்போல் பூமியைப் பார்த்ததே இல்லை.

மாசிலாமணி நிலைமையைச் சரிக்கட்டப் பார்த்தார். ஓர் எலுமிச்சம்பழத்தை ஊசியில் செருகி, விரலால் சுழற்றினார். "பாருங்க, இடமாச் சுத்துது." சுழற்றுவதை நிறுத்தாமலே கையைத் தலைகீழாகத் திருப்பினார். "இப்ப வலமாச் சுத்துது. பழம் ஒண்ணுதான், சுத்தும் ஒண்ணுதான். பாக்கிற எடம்தான் வேற."

"பழம் எப்படி வேணா சுத்தட்டும். புள்ளைங்க எப்படிச் சுத்தப் போவுது?"

"இங்க வழக்கம் இடம்தான்."

வேதவல்லியின் முகம் மாறியது. "எங்க ஊர்ல இடமாச் சுத்தறது சாவுக்குத்தான். நீங்க அப்படிச் சுத்தப்போய்த்தானே உங்க..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மீதியைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மாசிலாமணி எழுந்து போய்விட்டார். இரண்டு பக்கமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணம் நடக்குமா என்றே ஊர் கிசுகிசுத்தது.

மறுநாள் அவர் மன்னார்குடியில் இருக்கும் மச்சினன் செல்லப்பாவை அழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிலவுக்கும் பூமிக்கும் உள்ள அந்த இரண்டரை நொடி இடைவெளிக்குப் பிறகு செல்லப்பா சொன்னான்:

"பூமி சுத்துதா? இங்க ஒண்ணும் தெரியல மச்சான். கட்டில் போட்ட எடத்துலயேதான் கெடக்கு. சூரியன்தான் கெழக்க வந்து மேற்க போவுது. அக்கா ஆசையாச் சொன்னது வாஸ்தவம்தான். ஆனா அதுக்காகப் புள்ள கல்யாணம் நின்னா, அக்கா உங்களச் சும்மா விடுமா?"

மாசிலாமணி அழைப்பைத் துண்டித்தார். நேராக மகள் அலர்விழியிடம் போனார்.

"அவங்க முறைப்படி வலமாவே சுத்திடும்மா."

"அப்பா... அம்மா சொன்னது?"

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கல்யாணத்தன்று காலை, யாரும் அதைக் காட்டிப் பேச்சை வளர்க்க வேண்டாமென்று, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சாளரத்தை அணைத்தார். சுவர் கறுத்துப்போயிற்று.

தாலி கட்டியாயிற்று. அடுத்து விளக்கைச் சுற்ற வேண்டும். அலர்விழி விளக்கு வலக்கைப் பக்கம் இருக்கும்படி வலம் சுற்றத் திரும்பினாள். மாப்பிள்ளை திருவரசு இடம் சுற்றத் திரும்பினான். இருவரும் முதுகு காட்டி நின்றார்கள்.

"இந்தப் பக்கம்தானே?" என்றான் அவன்.

"இல்ல, அப்பா இந்தப் பக்கம்தான் சொன்னாங்க."

"எங்கம்மா உங்க ஊர் வழக்கப்படிதான் சுத்தணும்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

மாசிலாமணி திரும்பி வேதவல்லியைப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நான் பேசினது பேச்சே இல்ல சம்பந்தி. இது உங்க வீட்டம்மா ஆசையா ஆரம்பிச்சதுன்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். உங்க வீட்டம்மா சொன்னபடியே நடக்கட்டும்."

"வேணாம் சம்பந்தியம்மா, உங்க முறைப்படியே..."

"அதெல்லாம் இல்ல, உங்க முறைதான்."

நேற்றுவரை விட்டுக்கொடுக்காததற்குச் சண்டை, இன்று விட்டுக்கொடுப்பதற்குச் சண்டை. காற்றுக் கண்காணிப்பாளர் கையை உயர்த்தினார். கூடத்தில் நெருப்பு எரிய அனுமதித்த நேரத்தில் நான்கு நிமிடம்தான் பாக்கி.

மணமக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் தன் அப்பா சொன்ன பக்கமும், அவன் தன் அம்மா சொன்ன பக்கமுமாக நடக்கத் தொடங்கினார்கள். விளக்கின் மறுபுறத்தில் நேருக்கு நேர் வந்தபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். விலகி நடந்து, இந்தப் பக்கம் மறுபடி எதிர்ப்பட்டார்கள். மூன்று சுற்றும் அப்படியே. கூடம் கைதட்டித் தீர்த்துவிட்டது.

பந்தியில் வடை பரிமாறும்போதே இரு ஊரும் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டன. இனி நிலவில் கல்யாணமென்றால் இப்படித்தான். அதை எழுதி வைத்துவிடலாமென்று ஒருவர் பலகையை எடுத்தார்.

"பொண்ணு இடது கைப்பக்கம் கிளம்பணும்னு எழுதுங்க" என்றார் சடங்கின்போது விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வடகுடிக்காரர்.

"வலது கைப்பக்கம்தானே போச்சு? எங்க கண்ணால பாத்தோமே!" என்றார்கள் எதிரே உட்கார்ந்திருந்த தென்குடிக்காரர்கள்.

பாயசம் வருவதற்குள் குரல்கள் உயர்ந்துவிட்டன. இரண்டு தரப்பும் இலையை விட்டு எழுந்து மாசிலாமணியிடம் வந்தன. பெண்ணைப் பெற்றவர், பக்கம் பார்க்கிற விஷயத்தில் ஊருக்கே பெரியவர், அவர் சொன்னால் சரி.

"சொல்லுங்க, உங்க பொண்ணு எந்தப் பக்கமாப் போச்சு?"

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே நினைவில்லை.

"கவனிக்கலையேப்பா. அவ முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."