ஐந்தாவது மணி உடைந்தபோது

"அக்கா, உங்க ஆளுக்கு இப்ப என்ன வயசு?"

"இருபது."

"இன்னும் அஞ்சே நிமிஷத்துல நாற்பது ஆயிடும், பாருங்க."

"ஏன்... யாராவது சாபம் விட்டாங்களா?"

"சாபம் எல்லாம் இல்லக்கா. நீங்க ஆடுற லட்சணம் அப்படி!"

நான்கு மாதத்துக்கு முன் பேசியது. மல்லேஸ்வரத்தில் அந்தக் குறுகலான மாடிப்படியில் இன்று ஏறும்போதும் ஷோபாவின் காதில் அப்படியே ஒலித்தது. அந்தப் பேச்சில் எல்லாமே அவளுக்குப் பிடிக்கும்... முதல் வார்த்தையைத் தவிர.

அன்றைக்கு நல்ல மழை. ஞாயிறு மதியம் கிளினிக்கில் வேலை முடிந்து, ஆஸ்டின் டவுன் பஸ்ஸுக்கு ஓடியவள் சிரிலின் கேம் சென்டரில் ஒதுங்கினாள். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்று, இன்னும் வெளிவராத தன் சண்டை விளையாட்டை ஆட்களை வைத்து ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் நோட்டோடு நின்ற ஜெயராஜ் திரும்பினான். அவள் இமையில் ஒரு மழைத்துளி தொங்கியது. அது விழுமா விழாதா என்று பார்ப்பவன்போல ஒரு நொடி நின்றுவிட்டு, கன்ட்ரோலரை அவள் கையில் திணித்தான்.

"முதல்ல இந்த ஃபார்ம்ல பேர், வயசு எழுதிடுங்க மேடம்."

அவள் முப்பத்தாறு என்று எழுதினாள். கல்யாணத் தரகரிடம் அம்மா சந்திரம்மா முப்பத்தொன்று என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். முன்பின் தெரியாதவனிடம் பொய் எதற்கு?

"ஓ... எனக்கு முப்பத்தொண்ணு. அப்போ நீங்க அக்கா!"

அந்தப் பட்டம் அப்போது வந்ததுதான்.

திரையில் ஒரு பெண், மலை உச்சிக் கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வாசல் ஒருவன் வழிமறித்தான். அடிபட்டுச் செத்தாலும் அவள் எழுந்துவிடலாம். ஆனால் எழும்போது வயது கூடியிருக்கும். முதல் தடவை ஒரு வருடம், அடுத்து இரண்டு, அப்புறம் மூன்று... மணிக்கட்டில் ஐந்து மணிகள். பத்து வயதுக்கு ஒன்று உடையும். வயது ஏற ஏற உடம்பு அடி தாங்காது. ஆனால் அவள் கொடுக்கிற அடியோ இடி மாதிரி இறங்கும்! எழுபதில் ஐந்தாவது மணியும் உடைந்தபின் விழுந்தால், அவ்வளவுதான். மறுபடி இருபதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நன்றாகப் பழகிய வித்தை மட்டும் கூடவே வரும்.

ஷோபா விழுந்தாள், எழுந்தாள், நரைத்தாள். அறுபதில் அந்தப் பெண் துள்ளி எழுந்தபோது ஷோபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதை யார் செஞ்சது?"

"நான்தான். அனிமேட்டர்."

"அறுபது வயசு முழங்காலை நீங்க பார்த்ததே இல்ல போல. நான் பிசியோதெரபிஸ்ட். தினம் இருபது முழங்காலோட சண்டை போடறேன். இப்படி எழுந்தா அடுத்த நாள் என் கிளினிக்லதான் படுத்திருப்பாங்க."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப எப்படி எழுவாங்க... சொல்லுங்க பார்ப்போம்."

சொல்லவில்லை. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு அத்தனை பேர் நடுவில் தரையில் உட்கார்ந்து காட்டினாள். நாற்பதில் எப்படி, ஐம்பதில் எப்படி... எழுபதில் கை முதலில் தரையைத் தேடும். அப்புறம் ஒரு மூச்சு. பிறகு தொடையில் கையை ஊன்றி, உடம்பிடம் அனுமதி கேட்பதுபோல மெதுவாக... அவன் நோட்டைக் கீழே வைத்துவிட்டு ஃபோனில் படம் எடுத்தான். கிண்டல் எல்லாம் எங்கோ போய்விட்டது.

அடுத்த ஞாயிறு மழையே இல்லை. ஆனாலும் வந்தாள். அறுபத்தைந்தில் திரைப் பெண் விழுந்தாள்; எழுபதைத் தாண்டித்தான் எழ வேண்டும். அசையவில்லை. பிறகு... கை தரையைத் தேடியது. ஒரு மூச்சு. தொடையில் ஊன்றிய உள்ளங்கை. நரைத்த தலை நிமிர்ந்தது.

ஷோபாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அது அவள்! அவளுடைய தோள், அவளுடைய நிதானம். இன்னும் முப்பத்து நாலு வருடம் கழித்து வரப்போகிற தன்னை ஒருத்தன் இவ்வளவு கவனமாக, இவ்வளவு மரியாதையாக வரைந்து வைத்திருக்கிறான். வயது என்றாலே தரகர் உச்சுக்கொட்டுவதைத்தான் கேட்டிருக்கிறாள். அது இத்தனை கம்பீரமாக எழுந்து நிற்குமா?

"எழுபதுல நான் இப்படித்தான் இருப்பேனா ஜெயராஜ்?"

"இதைவிட அழகா இருப்பீங்க அக்கா."

எவ்வளவு அழகான வாக்கியம்... கடைசியில் கொண்டுபோய் எதை ஒட்டிவிட்டான் பாவி!

சொல்லிவிடலாம் என்று பல ஞாயிறுகள் வாய்வரை வந்தது. அதற்குள் ஒருநாள் கோயிலுக்கு வந்த சந்திரம்மா இங்கேயும் எட்டிப் பார்த்தாள். ஜெயராஜுக்கு ஆம்பூர் என்று தெரிந்ததும் ஒரே குஷி. "நம்ம பக்கத்துப் பிள்ளை! இவளுக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்ல தம்பி. இனிமே நீதான் தம்பி." அவன் சரி என்று தலையாட்டிச் சிரித்தான். அன்று இரவு ஷோபாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னப் பையனை வளைத்துப் போட்டாள் என்று நாளைக்கு ஊர் பேசும். இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்தது அதற்கா? வேண்டாம்.

அதனாலோ என்னவோ, விளையாட்டிலும் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஐந்தாவது மணி உடைந்ததும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிடுவாள். கடைசியாக விழுவதை மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

இன்றுதான் கடைசி ஞாயிறு. விளையாட்டு முடிந்துவிட்டது. நாளைக்கு அவனுக்கு வேறு வேலை, வேறு குழு. இனி இந்தப் பக்கம் வர ஒரு காரணமும் இருக்காது.

"அக்கா, இன்னைக்கு மட்டும் பஸ், கிஸ்ஸுன்னு ஓடாதீங்க. முழுசா ஆடுங்க."

"ஏன்?"

"சும்மா..." அவன் கண்கள் திரைக்கு ஓடிவிட்டன.

"இவன் நாலு மாசமா இதையேதான் சொல்றான், மேடம்," என்று கல்லாவிலிருந்து சிரில் சிரித்தான். ஜெயராஜ் அவனை முறைத்தான்.

ஷோபா ஆடினாள். முப்பது, நாற்பத்தொன்று, ஐம்பத்தாறு... எழுபத்தைந்தில் ஐந்தாவது மணியும் உடைந்து படிகளில் உருண்டது. மலை உச்சி. எதிரே மூப்பே இல்லாத காவலன். வெள்ளைத் தலையோடு அந்தப் பெண் ஓடவில்லை, குதிக்கவில்லை. அரை அடி நகர்ந்தாள். அவன் வாள் காற்றை வெட்டியது. மறுபடி அரை அடி... இருபது வயதில் தப்பத் தெரியாத அதே அடி! சுற்றி நின்றவர்கள் மூச்சை அடக்கினார்கள். அவள் கை ஒருமுறை அவன்மேல் இறங்கியது. காவலன் மண்டியிட்டான். சிரில் கல்லாவை விட்டே ஓடி வந்துவிட்டான்.

அப்போதுதான் காவலனின் அந்தக் கடைசி வீச்சு.

அவள் விழுந்தாள். கை தரையைத் தேடவில்லை. திரையில் மழை மட்டும் பெய்தது. முகத்தில் வலியே இல்லை. நெடுந்தூரம் நடந்தவள் கண்ணயர்ந்த மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று ஷோபா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரை இருண்டது. அந்த ஆட்டத்தில் அவள் எழுந்த அசைவுகள் எல்லாம் வரிசையாகப் பெயரோடு வந்தன. வேலை செய்கிறவர்கள் பார்ப்பதற்காக வைத்த பட்டியல் அது.

ஷோபா நாற்பது. ஷோபா ஐம்பது. ஷோபா அறுபது. ஷோபா எழுபது.

இரண்டு தடவை படித்தாள். மெல்லத் திரும்பினாள். மற்றவர்கள் அடுத்த திரைக்கு நகர்ந்திருந்தார்கள். ஜெயராஜ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதுல ஒரு இடத்துலகூட அக்கா இல்லையே?"

"முதல் வாரத்துல இருந்தே இல்ல..." செருப்பைவிட்டு அவன் கண் எடுக்கவில்லை. "அதான் முழுசா ஆடுங்க, ஆடுங்கன்னு கெஞ்சினேன். வாயால சொல்ல பயம். நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு முதல்ல... அப்புறம் உங்கம்மா வேற தம்பின்னுட்டாங்க. ஒவ்வொரு வயசும் வரையும்போது, பக்கத்துல நானும் அதே வயசுல நிக்கற மாதிரி..."

ஜன்னலுக்கு வெளியே தூறல் வலுத்தது. எத்தனை தடவை விழுந்தால்தான் என்ன... திரையில் இருபது வயதுப் பெண் மறுபடி மலையடிவாரத்தில் நின்றாள், கற்றது அத்தனையும் கையில் வைத்துக்கொண்டு.

"எனக்கு மறுபடியும் இருபது வராது ஜெயராஜ். முப்பத்தாறுதான். அம்மாகிட்ட நானே பேசறேன்... அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாலு மாசமா கேக்கணும்னு இருக்கேன்."

"கேளுங்க அக்கா."

பழக்க தோஷம்! சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்ட, ஈரமான இமைகளை நிமிர்த்தி அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க... ஷோபான்னு கூப்பிடுங்க."