புல் வைத்த தூண்கள்

வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. குழாயை மூடிவிட்டுக் குவளையை உள்ளே விட்டார் இன்ஜினியர். அது பாதி வாளியிலேயே எதிலோ மெத்தென்று முட்டி நின்றது. குனிந்து பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நீல வாளியின் அடிப்பாகம், அதில் ஒட்டியிருந்த ஒரு தலைமுடி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. கையை விட்டார். அடியைத் தொடுவதற்கு வெகு முன்பே விரல்கள் சில்லென்று கொழகொழத்த எதற்குள்ளோ புதைந்தன. அது விரல் இடுக்குகளில் ஏறி, மணிக்கட்டைச் சுற்றி, அவசரமே இல்லாமல் மூடிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தார். கையில் ஒரு துளி அழுக்கு இல்லை. வாசனை மட்டும் இருந்தது. இலையும் மீனும் பல வருஷம் மட்கிக் கிடந்த சேற்றின் வாசனை.

அது எந்தச் சேறு என்று அவருக்குத் தெரியும். குளிக்காமலே உடுத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன, அதுக்குள்ள குளிச்சாச்சா?" என்றாள் மனைவி.

"ஆச்சு."

கொஞ்ச நாளாகப் பொய் சொல்வது அவருக்குச் சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி ஆகியிருந்தது. கை தானாகச் செய்துவிடும்.

ஊருக்கு நடுவே பெரும் பள்ளத்தில் ஒரு குளம். ஊரே குப்பையைக் கொட்டி, ஆகாயத்தாமரை மூடி, கொசுவுக்கு மட்டும் உபயோகமாக இருந்த குளம். கோடையில் வற்றிப் புல் மண்டிவிடும். நகரசபை மனு மேல் மனு போட்டு, கடைசியில் அரசாங்கம் மனமிரங்கி நிதி ஒதுக்கியது. தூர் வார வேண்டும், படித்துறை கட்ட வேண்டும், சுற்றிலும் விளக்குப் போட வேண்டும். மழைக்காலத்துக்குள் முடிக்காவிட்டால் நிதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். மேற்பார்வை இன்ஜினியருக்கு. காண்ட்ராக்டை வேறொருவர் பேரில் எடுத்து நடத்தியது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி.

குளம் வெட்டும்போது நடுவில் இரண்டு மூன்று மண்தூண்களை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்கு அவைதான் சாட்சி. தூணின் உச்சியில் பழைய புல் அப்படியே இருக்க வேண்டும். இருந்தால் அதுதான் முன்பிருந்த தரை. அங்கிருந்து டேப்பைக் கீழே விட்டு அளப்பார்கள். மழை முந்திக்கொண்டது. இயந்திரங்கள் சேற்றில் மாட்டிக்கொண்டன. மச்சான் அசரவில்லை. கரையோரத்துப் புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்துக்கொண்டு வரச்சொல்லி, குட்டையாக நின்ற தூண்கள்மேல் மண்ணைக் குவித்துத் தட்டி உயர்த்தி, வழுக்கைத் தலையில் விக் வைப்பதுபோல உச்சியில் வைத்தார். இன்ஜினியர் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு அவரே டேப்பைப் பிடித்தார். பன்னிரண்டு அடி. வெட்டியது அதில் பாதிகூட இல்லை. அடுத்த கோடையில் மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம், நிதி போய்விட்டால் ஊருக்குக் குளமே கிடையாது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதில் கொஞ்சம் நியாயம் இருந்ததுதான் அவரைக் கெடுத்தது.

மழை பெய்து குளம் நிரம்பியது. தூண்கள் கரைந்து போயின. படித்துறையில் 'ஆழம் 12 அடி' என்று பெரிய பலகை வைத்தார்கள்.

அப்புறம் ஒருநாள் குளத்தில் போட்டிருந்த பம்பில் தண்ணீர் ஏறவில்லை. உள்ளே போய் அடைப்பை எடுக்க வேண்டுமென்று மோட்டார் மெக்கானிக் வந்தான். நிதி கொடுத்த அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், தலைகீழா பாயலாமா? ஆழம் இருக்குல்ல?"

மெக்கானிக் கேட்டான். அதிகாரியும் திரும்பிப் பார்த்தார். இன்ஜினியருக்கு யோசிக்க நேரமில்லை என்பது பொய். நேரம் இருந்தது.

"பன்னிரண்டு அடி இருக்குப்பா. தைரியமா பாய்" என்றார்.

அவன் பாய்ந்தான். இரண்டு பாதங்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே செங்குத்தாக நின்றன. வித்தை காட்டுகிறான் என்று கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாதங்கள் கொஞ்ச நேரம் உதைத்தன. இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் நகரவும் இல்லை. அவனை வெளியே எடுத்தபோது மூக்கு, வாய், காது எல்லாம் சேறு, உயிர் இல்லை. என்ன ஆச்சு என்று அதிகாரி கேட்டதற்கு, "குடிச்சிட்டு வந்திருப்பான் சார்" என்று யாரோ சொன்னார்கள். அது தன்னுடைய குரல்தான் என்று இன்ஜினியருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

இன்றைக்கு ஆபீஸ் வாசல் பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருந்தாள். நேற்றும் வந்திருந்தாள்.

"எனக்கு எதுவும் வேண்டாம் சார். அவர் குடிச்சிருக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊரெல்லாம் குடிகாரன்னு பேசுது. அவர் தொட்டதே இல்ல சார்."

"விசாரணை நடக்குதும்மா."

"நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

அவர் அவளைத் தாண்டி நடந்தார். உள்ளே போய் மேஜைமேல் இருந்த டம்ளரை எடுத்து அண்ணாந்தார். இரண்டு மடக்கு இறங்கியது. மூன்றாவது மடக்கில் தண்ணீர் நின்றுபோய், பின்னாலேயே குளிர்ந்த, கனத்த ஏதோ ஒன்று உதட்டில் வந்து படிந்தது. டம்ளரை இறக்கிப் பார்த்தார். கண்ணாடி டம்ளர். பாதித் தண்ணீர். அடியில் ஒன்றுமில்லை. எதிர் மேஜை குமாஸ்தா அதே கூஜாவிலிருந்து ஊற்றி மடமடவென்று குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்.

அன்று முழுக்க அவர் தண்ணீர் குடிக்கவில்லை. உள்நாக்குக்குப் பின்னால் அந்த வாசனை மட்டும் போகாமல் இருந்தது.

இருட்டும் நேரத்தில் மனைவி போன் செய்தாள். மகளைப் பற்றித்தான். பள்ளி நீச்சல் குழுவில் அவள் முதல் ஆள். எப்போதும் தண்ணீரிலேயே கிடப்பதால் வீட்டில் அவளுக்கு வாத்து என்றுதான் பெயர். குளத்தின் திறப்பு விழாவில் பிள்ளைகள் படித்துறை மேடையிலிருந்து தலைகீழாகப் பாய்வதாக ஏற்பாடு. அது இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"ஒத்திகையை இன்னைக்கே வச்சுட்டாங்களாம். நம்ம வாத்துதான் முதல்ல பாயப் போகுதாம். அப்பா கட்டின குளம், நான்தான் முதல்ல இறங்குவேன்னு ஒரே பிடிவாதம். நீங்க போய்ப் பாருங்களேன், சந்தோஷப்படுவா."

அவர் மகளைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நீச்சல் பயிற்சியாளரைக் கூப்பிட்டார்.

"சார், இன்னைக்கு வேண்டாம். நிறுத்துங்க."

"ஏன் சார்? எல்லாரும் தயாரா இருக்காங்களே."

ஒரே ஒரு வாக்கியம். அடியில் சேறு இருக்கிறது. அவ்வளவுதான். அதைச் சொன்னால் மெக்கானிக் எப்படிச் செத்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். தொண்டைவரை வந்தது.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

பயிற்சியாளர் சிரித்தார். "வானம் துடைச்ச மாதிரி இருக்கு சார். பயப்படாதீங்க, பலகையைப் பார்த்துட்டுத்தானே பாயவிடுறேன். நீங்க அளந்த ஆழம்தானே! விளக்கைப் போட்டதும் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், வாங்க."

லைன் அறுந்தது. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. பெற்ற பிள்ளைக்காகக்கூட அது திறக்கவில்லையே என்று அழுகை வந்தது.

ஸ்கூட்டரை எடுத்தார். கடைத்தெருவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தார்ச்சாலை காய்ந்து கிடந்தது, ஆனால் சக்கரங்கள் சதக் சதக்கென்று ஓடின. எத்தனை முறுக்கினாலும் வண்டி இழுக்கவில்லை, டயரைக் கீழேயிருந்து ஏதோ சப்பி இழுப்பதுபோல வேகம் குறைந்துகொண்டே வந்தது. தையற்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். காய்ந்த சாலையில் ஒரு மனிதர் உருட்டிக்கொண்டு போவதுபோல ஸ்கூட்டரில் போவதை அவர் பார்த்திருப்பார். தெருமுனையில் வண்டி நின்றுவிட்டது. சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினார். ஒவ்வொரு முறை காலைத் தூக்கும்போதும் செருப்பைத் தரை பிடித்துப் பார்த்து, பிறகு விட்டது.

குளத்தைச் சுற்றிப் புது விளக்குகள் எரிந்தன. எதிர்க்கரையில் பயிற்சியாளரும் பிள்ளைகளும் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள், யாரோ விசில் ஊதினார்கள். படித்துறையின் பாய்ச்சல் மேடையில் யாரும் இல்லை.

மேடைக்கு முன்னால் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை.

நடுவில் இரண்டு பாதங்கள்.

உள்ளங்கால்கள் வானத்தைப் பார்த்தபடி, செங்குத்தாக. விளக்கு வெளிச்சத்தில் வெளுப்பாக. உதைத்துக்கொண்டிருந்தன.

அவர் கத்திக்கொண்டே படிகளில் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அதற்குக் கீழே சேறு. கால் புதைந்தது. பிடுங்கினார். மறுபடி புதைந்தது. கையை நீட்டி ஒரு கணுக்காலைப் பிடித்தார். பிறகு மற்றதை. முழு பலத்தோடு இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். அவருடைய முழங்கால்கள் சேற்றுக்குள் போயின. தண்ணீர் கழுத்துக்கு ஏறியது.

உதைப்பது நின்றது.

"அம்மாடி... வாத்து... அப்பா வந்துட்டேன்டா..."

பாதம் பெரிதாக இருந்தது.

கைகளுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக. குதிகாலில் ஆழமான வெடிப்புகள். வெடிப்புகளுக்குள் கறுப்பாக, கழுவினாலும் போகாத மோட்டார் கிரீஸ்.

கால்விரல்கள் மெதுவாக மடங்கின. அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டன.

"அப்பா!"

மேலிருந்து வந்தது குரல். நிமிர்ந்தார். மேடையில் மகள் நின்றாள். நீச்சல் உடையில், தலை நனையாமல், முகமெல்லாம் சிரிப்பாக.

"துணி மாத்தப் போயிருந்தேன்ப்பா. நீங்க எப்ப வந்தீங்க? எனக்கு முன்னாடி இறங்கிட்டீங்களே, இது அழுகுணி ஆட்டம்! சரி, அங்கேயே நில்லுங்க, உங்களைத் தாண்டிப் பாயுறேன்!"

அவள் கண்ணுக்கு அந்தப் பாதங்கள் தெரியவில்லை. கழுத்தளவு தண்ணீரில் அப்பா நிற்கிறார், ஆழத்தில் நீந்திக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான் தெரிந்தது.

கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டப் பார்த்தார். பிடி விடவில்லை. கால்விரல்கள் இறுகின.

சொல்லிவிட வேண்டும். இப்போது. எல்லோருக்கும் கேட்கும்படி. பாயாதே, ஆழமில்லை, நான்தான் பொய் சொன்னேன், அவன் குடிக்கவில்லை. எல்லாம் வரிசையாக வந்து தொண்டையில் நின்றன. இந்த முறை அவர் தயங்கவில்லை. உயிரையெல்லாம் கூட்டி வாயை அகலத் திறந்தார்.

சேறு வந்தது.

குளிர்ந்து, கறுத்து, கட்டி கட்டியாக. நாக்கின்மேல். பற்களின் இடுக்கில். மோவாயில் வழிந்து, ஓசையே இல்லாமல் தண்ணீரில் விழுந்தது. இருமினார். இன்னும் வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

எதிர்க்கரையில் பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்தார்கள். மேடை விளிம்பில் கால்விரல்களை ஊன்றி, மகள் அப்பாவைப் பார்த்து ஒருமுறை கண்சிமிட்டினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே சேர்த்துத் தூக்கி, முழங்கால்களை மடக்கினாள்.